சுவரோரம் இறக்கிய குழாய்

பிப்ரவரி 3

தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், கோழி கிளறிய மாதிரி இருக்கும். என்னை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டுத்தான் உன்னைப் படிக்க அனுப்பினார்கள். அதனால் இதில் பிழை இருந்தால் உனக்கும் அதில் பங்கு உண்டு.

நலமா என்று கேட்க மாட்டேன். கேட்டால் நலம் என்று எழுதுவாய், அதைப் படித்து எனக்கு எரிச்சல்தான் வரும். என் கொழுந்தன், உன் அத்தானுடைய தம்பி, பாகம் பிரித்தபோது பொதுக் கிணற்றைத் தன் பக்கம் வாங்கிக்கொண்டான். வாங்கியவன் இறைத்தானா? மண்ணைக் கொட்டி மூடி அதன் மேலேயே ஓர் அறையைக் கட்டினான். அந்த அறை திறந்த அன்று நீ அங்கே போய் உட்கார்ந்து விருந்து சாப்பிட்டாய். நீலச் சட்டை போட்டிருந்தாய். கேட்டுக் கேட்டு இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டாய் என்றும் எனக்குச் சேதி வந்தது. அன்றைக்கு உன்னோடு நிறுத்திய பேச்சு. இன்றைக்கு வேறு வழியில்லாமல் எழுதுகிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போன் என்றால் நடுவில் புகுந்து சமாதானம் சொல்வாய். கடிதம் என்றால் நான் முடிக்கிற வரைக்கும் வாயை மூடிக்கொண்டு இருப்பாய்.

விஷயத்துக்கு வருகிறேன். உன் அத்தானும் இல்லை, மகன் கப்பல் வேலைக்குப் போய்விட்டான். வீட்டில் நான், மருமகள், பேத்தி மூன்று பேர்தான். பேத்தி இப்போதுதான் வார்த்தைகளைக் கோத்துப் பேசுகிறாள். ஒரு நிமிஷம் ஓர் இடத்தில் நிற்க மாட்டாள், வாண்டு. தெருக்குழாயில் தண்ணீர் வந்தால் வந்தது, இல்லையென்றால் வெறும் காற்றுதான். வரிசையில் நின்று குடம் குடமாகச் சுமப்பது மருமகள். போன வாரம் குடத்தை இறக்கிவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “எங்கம்மா வீட்டுல அடுப்படிக்குள்ளயே குழாய் இருக்கு அத்தை.”

சும்மா சொன்ன மாதிரிதான் சொன்னாள். மறுநாள் பரண்மேல் கிடந்த பெட்டியை இறக்கித் துடைத்து வைத்திருக்கிறாள். எனக்கா புரியாது? அவள் போனால் வாண்டும் போய்விடும். அப்புறம் இந்த வீட்டில் நானும் நாலு சுவரும்தான்.

இங்கே மண் முழுக்க மணல் என்பது உனக்குத் தெரியும். மிஷின் வைத்துத் துளைக்க நமக்கு வக்கில்லை. நீ ஆயுசு முழுக்கப் பம்பு மாட்டிய ஆள். இரண்டு பெண்கள் கையாலேயே ஒரு குழாயை இறக்கித் தண்ணீர் எடுக்க முடியுமா? முடியும் என்றால் எப்படி என்று எழுது. முடியாது என்றால் எழுதாதே, தபால்தலையாவது மிஞ்சும்.

அக்கா


பிப்ரவரி 10

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இரண்டாம் தடவை நான் கேட்கவில்லை, அவர்களாக இலையில் போட்டார்கள். நான் அங்கே ஏன் போனேன் என்று அன்றைக்கும் நீ கேட்கவில்லை, இன்றைக்கும் கேட்கவில்லை. இருக்கட்டும். என் வீட்டுக்காரிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை. அதையும் இருக்கட்டும் என்றுதான் வைத்திருக்கிறேன். கையெழுத்தைப் பார்த்ததும் அவள்தான் முதலில் உறையைப் பிரித்தாள்.

முடியும். மணல் என்றால் இரண்டு பேரே தாராளம். சுலபமான வழி, குழாய்க்குள் வேகமாகத் தண்ணீரை அடித்து மணலைக் கரைத்துக்கொண்டே இறக்குவது. அதற்குப் பீப்பாய் பீப்பாயாகத் தண்ணீர் வேண்டும். “அவ்வளவு தண்ணி இருந்தா நான் எதுக்குடா உனக்குக் கடுதாசி போடறேன்” என்று நீ கத்துவது இங்கேயே கேட்கிறது. அதனால் இன்னொரு வழி.

கையால் திருகி மண் எடுக்கும் துளைப்பான் வாடகைக்குக் கிடைக்கும். ஈரமணல் வருகிற வரைக்கும் அதை வைத்து இறங்குங்கள். அதற்குக் கீழே துளை நிற்காது, சரிந்து சரிந்து மூடிக்கொள்ளும். அப்போது அகலமான பிளாஸ்டிக் குழாய் ஒன்றைத் துளைக்குள் நிறுத்து. அதற்குள் நுழைகிற மாதிரி ஒரு சின்னக் குழாய் எடுத்து, அதன் அடிவாயில் உள்பக்கமாக ஒரு ரப்பர் துண்டை ஒரே ஓரத்தில் மட்டும் திருகி வை. கயிற்றில் கட்டி அதைத் தூக்கித் தூக்கிப் போடு. விழும்போது ரப்பர் திறந்து மணலை விழுங்கும், தூக்கும்போது வாயை மூடிக்கொள்ளும். உள்ளே இருக்கிற மணலை மொண்டு கொட்டக் கொட்ட, அகலக் குழாய் தானே கீழே இறங்கும். மேலே ஏறி உட்கார்ந்தால் இன்னும் சீக்கிரம் இறங்கும்.

உள்ளே ஓர் ஆள் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் போதும். நடுவில் மெல்லிய குழாயை இறக்கு. அதன் அடிப்பகுதியில் ரம்பப் பிளேடால் நெருக்கமாகக் கீறல் போட்டு, நைலான் வலை சுற்றியிருக்க வேண்டும். சுற்றிலும் பொடிக்கல் கொட்டிவிட்டு அகலக் குழாயை மெல்ல உருவிவிடு. மேலே அடிபம்பு, காலடியில் சிமென்ட் மேடை. அவ்வளவுதான்.

ஆள் இறங்குகிற குழி மட்டும் தோண்டாதே. மணல் ஆளை உயிரோடு மூடிவிடும்.

இதெல்லாம் கை வேலை. இடம் பார்ப்பதுதான் மூளை வேலை. எந்தக் கக்கூஸ் குழிக்கும் ஐம்பது அடிக்குள் போடாதே. கண்ணுக்குத் தெரிகிற அழுக்கைத்தான் மணல் பிடிக்கும். வயிற்றைக் கெடுப்பது கண்ணுக்குத் தெரியாது, அது மணலில் நடந்தே வந்துவிடும்.

நானே வந்திருப்பேன். முழங்கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை.

தம்பி


பிப்ரவரி 24

தம்பிக்கு,

உன் வீட்டுக்காரி இப்போது நன்றாக இருக்கிறாளா? ஆபரேஷன் ஆனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. சொன்னால் வந்திருப்பேனா என்பது வேறு விஷயம்.

வேலை நடக்கிறது. துளைப்பானைத் திருகித் திருகி என் உள்ளங்கையில் கொப்புளம், மருமகளுக்குத் தோளில் பிடிப்பு. ரப்பர் துண்டுக்கு அவளுடைய பழைய செருப்பையே அறுத்தோம். முதலில் அதை வெளிப்பக்கம் வைத்துத் திருகிவிட்டாள். பொழுதெல்லாம் போட்டு இடித்தும் ஒரு பிடி மணல் வரவில்லை. “உங்க தம்பி எழுதினது தப்பா, நாம வச்சது தப்பா?” என்றாள். “என் தம்பி சாப்பாட்டு விஷயத்துலதான் தப்புப் பண்ணுவான், பம்பு விஷயத்துல பண்ண மாட்டான்” என்றேன். மாற்றி வைத்ததும் கறுப்பு மணலாக அள்ளியது. அகலக் குழாய் இறங்க, பலகையைப் போட்டு அதன்மேல் நான் உட்கார்ந்துகொண்டேன். வாண்டு என் மடியில் ஏறிக்கொண்டு, “பாட்டி கீழ போறா, பாட்டி கீழ போறா” என்று கைதட்டியது. மருமகள் அத்தனை சிரித்து நான் பார்த்ததில்லை.

இடம் நன்றாகப் பார்த்துத்தான் வைத்தேன். நம் கக்கூஸ் வாசற்பக்கம் இருக்கிறது. அங்கிருந்து அடியெடுத்து வைத்து அளந்தேன், ஐம்பதுக்கு மேலேயே வந்தது. குழாய் இறங்குவது பின்பக்கம், அடுப்படி ஜன்னலை ஒட்டி, சுவரோரம். அவள் அம்மா வீட்டுக் குழாய் அடுப்படிக்கு உள்ளே, என் குழாய் அடுப்படிக்கு வெளியே. நடுவில் ஒரு ஜன்னல்தான்.

ஒரு கூத்தைக் கேள். சுவரின்மேல் நான் தகரம் அடித்து வைத்திருக்கிறேன் அல்லவா, அவர்கள் முகம் என் கண்ணில் படக்கூடாது என்று? இரண்டாம் நாள் நாங்கள் குழாயைத் தட்டி இறக்கிக்கொண்டு இருக்கும்போது தகரத்துக்கு அந்தப் பக்கமிருந்து கொழுந்தன் கத்துகிறான். “அண்ணி! அங்க வேணாம் அண்ணி! வேற பக்கம் போடுங்க!” எத்தனை வருஷத்துக்குப் பிறகு அண்ணி என்று வாய் வருகிறது பார். என் கிணற்றை மூடியவனுக்கு, நான் ஒரு குழாய் இறக்கினால்கூடப் பொறுக்கவில்லை.

மருமகள் கையை நிறுத்தினாள். “அத்தை, சின்ன மாமா ஏதோ சொல்றாரே?”

“காத்துக்குத் தகரம் ஆடுது. நீ குழாயைப் பிடி” என்றேன். சுத்தியலை வாங்கி இன்னும் நாலு போடு ஓங்கிப் போட்டேன்.

அப்புறம் சத்தமில்லை.

அக்கா


மார்ச் 3

அக்காவுக்கு,

உன் கடிதத்தில் குழாய் நன்றாக இறங்குகிறது. கடைசிப் பக்கம்தான் எனக்கு இறங்கவில்லை.

அவர் ஏன் வேண்டாம் என்றார்? பொறாமை என்று நீ முடிவு கட்டிவிட்டாய். பொறாமைப்படுகிறவன் “போடாதே” என்பான். “வேற பக்கம் போடுங்க” என்று எதற்குச் சொல்ல வேண்டும்? சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது என்ன இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? நான் எழுதியது எந்தக் கக்கூஸ் குழிக்கும் என்று. உன் வீட்டுக் குழி என்று எழுதவில்லை. குழாய்க்குப் பாகப்பிரிவினை தெரியாது அக்கா.

நீ கேட்க வேண்டாம். மருமகளை விட்டுக் கேட்கச் சொல். அதுவும் வேண்டாம் என்றால் நானே போன் பண்ணிக் கேட்கிறேன். சம்மதம் என்று ஒரு வார்த்தை எழுது.

அதுவரை குழந்தைக்குத் தெருக்குழாய்த் தண்ணீரையே கொடு. ஒரு பாட்டிலில் பிடித்துச் சோதனைக்கும் அனுப்பிவிடு.

வீட்டுக்காரி நன்றாக இருக்கிறாள். நீ விசாரித்ததைப் படித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தை மட்டும் விட்டுவிட்டேன்.

தம்பி


மார்ச் 9

தம்பிக்கு,

தண்ணீர் வந்துவிட்டது.

முதலில் பம்பின் தலையில் ஒரு செம்பு ஊற்றி அடித்தோம், காற்றாகக் கக்கியது. பிறகு சேறு. பிறகு மணல் கலந்து கலங்கலாக. மாறி மாறி அடித்து அடித்து, மறுநாள் பார்த்தால் கண்ணாடி மாதிரி வருகிறது. வாசனை இல்லை, உப்பு இல்லை. வாண்டு பம்பின் வாயில் தலையையே கொடுத்துவிட்டது. மருமகள் ஜன்னல் வழியாகக் கையை நீட்டிக் குடத்தை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள். பெட்டி பரணுக்கு ஏறிவிட்டது. ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று என்னையா கேட்கிறாய்? அந்த மண்ணில் நான் எத்தனை வருஷம் கூட்டிப் பெருக்கியிருக்கிறேன். சுவரை ஒட்டித் துணி துவைக்கிற கல். கல்லுக்குப் பக்கத்தில் எலுமிச்சை, முள் குத்தி என் சுண்டுவிரல் பழுத்ததே, அந்த மரம். அதைத் தாண்டி மூடிய கிணற்றின்மேல் கட்டிய அறை. அவர்கள் கக்கூஸ் அந்தக் கோடியில், கண்ணுக்கே எட்டாத தூரத்தில். கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வேன். உனக்கு நேற்றுச் சாப்பிட்டது நினைவிருக்குமா? எனக்கு எல்லாம் இருக்கும்.

கண்ணாடி மாதிரி தண்ணீரை எதற்குச் சோதிக்க வேண்டும்?

போன் பண்ணுகிறேன் என்று எழுதியிருக்கிறாய். பண்ணு. பண்ணினால் உனக்கும் எனக்கும் இதோடு சரி. இந்தத் தடவை நான் சாகிற வரைக்கும் கடிதம் வராது.

அக்கா


மார்ச் 15

அக்கா,

பண்ணவில்லை. அவர் போன் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரி திட்டினாள். இப்போதுதான் நீ எழுத ஆரம்பித்திருக்கிறாய், அதனால் பண்ணவில்லை.

நீ சொன்ன துணி துவைக்கிற கல்லை, அறை திறந்த அன்று நான் போனபோதே பெயர்த்துப் போட்டிருந்தார்கள். உன்னிடம் சண்டை போட இதை எழுதவில்லை. உன் கணக்கில் ஒரு கல் இல்லை என்றால் வேறு எது இல்லை, வேறு எது புதிதாக வந்திருக்கிறது என்றுதான் கேட்கிறேன். தகரத்தில் ஓர் ஓட்டை இருக்காதா? ஒரு தடவை எட்டிப் பார். யாரும் பார்க்காத நேரத்தில் பார். பார்த்தேன் என்று எனக்குக்கூட எழுத வேண்டாம்.

குழந்தைக்கு அந்தத் தண்ணீர் வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

வாண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தது. இப்போது பரவாயில்லை, பயப்படாதே. கடிதம் எழுத இன்றைக்குத்தான் கை வந்தது.

காலையில் வாந்தி. நான் சளிக்கட்டு என்றேன். மத்தியானத்துக்குள் துணி மாற்றி மாளவில்லை. சாயங்காலம் கண் உள்ளே போய்விட்டது. அழுகிறது, கண்ணீர் வரவில்லை. மருமகள் தூக்கிக்கொண்டு ஓடினாள், நான் பின்னால் ஓடினேன். அவ்வளவு சின்னக் கையில் ஊசி குத்த இடம் கிடைக்காமல் தேடினார்கள். கடைசியில் காலில் ஏற்றினார்கள். அது அம்மா என்றுகூடக் கூப்பிடவில்லை, துணி மாதிரிக் கிடந்தது.

டாக்டர் பெண், சின்ன வயசுதான், “எந்தத் தண்ணி குடிக்கிறீங்க?” என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் மருமகள் சொன்னாள்: “வீட்டுல புதுசாப் பம்பு போட்டோம் டாக்டர். போடும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்துலேர்ந்து சின்ன மாமா வேணாம்னு கத்தினாரு. அத்தை குழாயைத் தட்டிக்கிட்டே இருந்தாங்க.”

என்னைப் பார்க்காமல் சொன்னாள். டாக்டர்தான் என்னைப் பார்த்தாள்.

தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனார்கள். என்ன வந்ததென்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து மருமகள் நேராக அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். இங்கே வரவே இல்லை. துணிமணிக்கு அவள் அண்ணன் வந்தான். பெட்டியைப் பரணிலிருந்து நான்தான் இறக்கிக் கொடுத்தேன். வாண்டின் சின்னச் செருப்பை வைக்க மறந்துவிட்டேன். வாசலில் கிடக்கிறது.

எனக்கு ஒன்றுதான் புரியவில்லை. வேண்டாம் என்று கத்தத் தெரிந்தவனுக்கு, எதனால் வேண்டாம் என்று கத்தத் தெரியாதா? காரணத்தைச் சொன்னால் வாய் வலித்துவிடுமா? நீதான் பெரிய நியாயஸ்தன் ஆயிற்றே, பதில் சொல்லு.

அக்கா


ஏப்ரல் 2

அக்காவுக்கு,

போன் பண்ணிவிட்டேன். உன் சம்மதத்துக்குக் காத்திருக்கவில்லை. இதற்காக என்னோடு பேச்சை நிறுத்துவாய் என்றால் நிறுத்திக்கொள்.

சுவருக்கு அந்தப் பக்கம், உன் குழாய்க்கு நேராக, கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் கக்கூஸ் குழி இருக்கிறது. எலுமிச்சையை வெட்டிவிட்டு அந்த இடத்தில் தோண்டியது. அடியில் பூசாத குழி. அதில் விழுவதெல்லாம் மணலில் இறங்கி உன் பம்புக்கு வந்திருக்கிறது. பழைய கக்கூஸ் கோடியில் இருக்கும்போது இங்கே ஏன் புதிதாகக் கட்டினார் என்று கேட்டேன். சொன்னார். அதை நான் எழுத மாட்டேன். நீயே போய்ப் பார்.

காரணத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்டாயே. அவர் சொல்லியிருக்கிறார் அக்கா. “குழி இருக்கு அண்ணி” என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியிருக்கிறார். நீ சுத்தியலால் அடித்துக்கொண்டு இருந்தாய்.

இனி செய்ய வேண்டியது. அந்தக் குழாயை உருவு. துளையைச் சும்மா விடாதே, களிமண்ணைக் கொட்டிக் கொட்டி இடித்து, மேலே சிமென்ட் போடு. இல்லையென்றால் மேலே தேங்குகிற அழுக்கு நேராகக் கீழே போகும். புதிய இடம் உன் பக்கத்தில் கிடையாது. வாசலில் உன் குழி, பின்னால் அவர் புதுக் குழி, கோடியில் அவர் பழைய குழி. மூன்றுக்கும் எட்டாமல் இருப்பது ஒரே இடம்தான். அவர் வீட்டு முன்பக்கம், தெருவோர மூலை. அது உன் இடமில்லை. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

முதலிலேயே நான் போன் பண்ணியிருந்தால் குழந்தையின் காலில் ஊசி ஏறியிருக்காது. உன் கோபத்துக்குப் பயந்தேன். அதற்கு இனிப் பயப்படுவதாக இல்லை.

தம்பி


ஏப்ரல் 19

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு நாலைந்து நாள் எழுதாமல் இருந்தேன். நிறுத்திவிடலாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் இதை யாரிடம் சொல்வது?

போனேன். வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றேன். கொழுந்தன் கதவைத் திறந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது, எப்போது நரைத்தது என்று எனக்குத் தெரியாது.

“உங்க பின்பக்கத்தைப் பார்க்கணும்” என்றேன்.

“வாங்க அண்ணி” என்று மட்டும் சொன்னான். குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்டான். இருக்கிறாள் என்றேன்.

பின்பக்கம் போக அந்த அறை வழியாகத்தான் போக வேண்டும், கிணற்றின்மேல் கட்டியதே, அது. உள்ளே கட்டிலில் அவன் பெண்டாட்டி, என் ஓரகத்தி, படுத்திருந்தாள். ஒரு பக்கம் விளங்கவில்லை. கையை வயிற்றின்மேல் யாரோ எடுத்து வைத்த மாதிரி வைத்திருந்தாள். விழுந்து இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டதாம். கோடிக்கு நடக்க முடியாது என்றுதான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே கக்கூஸ் கட்டியிருக்கிறான். தம்பி, இத்தனை நாளாக அந்தப் பக்கம் அவள் குரல் கேட்காததை நான் திமிர் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன்.

அவள் வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. இழுத்து இழுத்துப் பேசினாலும் குத்தலில் குறைவில்லை. “யாரது, அக்காவா? சுவர் ஏறிக் குதிச்சா வந்தீங்க?” என்றாள்.

“வாசல் வழியாத்தான் வந்தேன்.”

“வாசல் இருக்கறது ஞாபகம் இருக்கா?” அப்புறம் ஜன்னலைக் கண்ணால் காட்டினாள். “நீங்க தகரம் அடிச்சதுலேர்ந்து இங்க வெளிச்சமே இல்ல. பகல்லயே லைட்டைப் போட்டுக்கிட்டுக் கிடக்கேன்.”

நான் கொழுந்தனிடம் ஏணி இருக்கிறதா என்று கேட்டேன்.

தகரத்தை அவன் கழற்ற, நான் கீழே நின்று வாங்கினேன். அப்போதுதான் கேட்டேன்: “சத்தம்தான் கேக்கலைனா, சுத்தி வந்து சொல்லியிருக்கலாமில்ல?”

“வந்தேன் அண்ணி. வாசல் வரைக்கும் வந்தேன். கதவைச் சாத்திட்டீங்க.”

சாத்தியது உண்மைதான். ஜன்னல் வழியாக அவன் வருவதைப் பார்த்துவிட்டுத்தான் சாத்தினேன். தாழ்ப்பாள்கூடப் போட்டேன். அதெல்லாம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

மூலையைக் கேட்டேன். “எடுத்துக்குங்க. எங்களுக்கும் தெருக்குழாய்தான். ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்” என்றான். பொது! யார் வாயில் வருகிறது பார் அந்தச் சொல். கிணற்றை ஏன் மூடினேன் என்று உடனே ஆரம்பித்தான், “அண்ணன்கிட்ட அப்பவே சொன்னேன் அண்ணி” என்று. “அதை இன்னொரு நாள் வச்சுக்கலாம். இன்னைக்குக் குழாய்” என்றேன். கிணற்றை நான் மன்னிக்கவில்லை. நீயும் அப்படி நினைத்துக்கொள்ளாதே.

பழைய குழாயை உருவினோம். களிமண்ணைப் போட்டு இடித்தேன், யாரையும் தொட விடவில்லை.

மருமகளுக்குப் போன் போட்டேன். எடுத்தாள். வாண்டு இப்போது நன்றாகச் சாப்பிடுகிறது என்றாள். புதிய இடத்தைச் சொன்னேன். “சோதனை பண்ணின காகிதம் வரட்டும் அத்தை” என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. வர மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

அக்கா


மே 6

அக்காவுக்கு,

இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரி மூன்றாம் தடவை வாங்கிப் படித்துவிட்டு அழுதாள். உன் ஓரகத்திக்காகவா உனக்காகவா என்று கேட்டேன். எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

குழாய் இறங்கியதும் நாலைந்து நாள் விடாமல் அடித்து ஊற்றிவிட்டுத்தான் சோதனைக்குப் பிடிக்க வேண்டும். பாட்டில் அவர்கள் கொடுப்பதாகவே இருக்கட்டும், பம்பின் வாயில் தீயைக் காட்டிக் கிருமியைக் கொன்றுவிட்டுப் பிடி. ஒரு தடவை நன்றாக இருக்கிறது என்று வந்தால் போதாது. மழைக்குப் பிறகு இன்னொரு தடவை சோதிக்க வேண்டும். மணல்நிலத்தில் தண்ணீர் இடம் மாறும்.

மருமகளை அவசரப்படுத்தாதே. அவள் கேட்பது காகிதத்தை மட்டும் அல்ல என்று நினைக்கிறேன். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தம்பி


மே 30

தம்பிக்கு,

தெருவோர மூலையில் புதுக் குழாய் இறக்கியாயிற்று, சோதனைக் காகிதமும் வந்தது. குடிக்கலாம் என்று போட்டிருக்கிறது. கொழுந்தன் அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டலாம் என்கிறான். “மழைக்கு அப்புறம் இன்னொண்ணு வரணும், அப்ப மாட்டுங்க” என்று அவன் வாயை அடைத்தேன். காலையில் முதலில் அவன் அடிக்கிறான், பிறகு நான். நடுவில் பேச்சு இல்லை. குடத்தைத் தள்ளு, சரி, அவ்வளவுதான். ஓரகத்திக்கு ஒரு செம்பு நானே கொண்டுபோய் வைக்கிறேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, “பழைய கெணத்துத் தண்ணி மாதிரி இல்ல” என்கிறாள், என் வயிற்றெரிச்சலைக் கிளப்ப.

காகிதத்தை மருமகளுக்கு அனுப்பினேன். வியாழக்கிழமை வந்தாள், வாண்டும் வந்தது. இளைத்திருக்கிறது, ஆனால் ஓட்டம் குறையவில்லை. வந்ததும் வராததுமாக என் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பம்பைக் காட்டச் சொன்னது.

மருமகள் துணிப்பையை அடுப்படியில் வைத்தாள். அதற்குள்ளிருந்து துணிக்கு முன்னால் தண்ணீர்ப் பாட்டில்களை எடுத்து வரிசையாக அடுக்கினாள். அம்மா வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு வந்திருக்கிறாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பாட்டில் தீர்கிற அன்றைக்குக் கிளம்புவாள் என்று நானே கணக்குப் போட்டுக்கொண்டேன்.

அவளுக்குத் தாகம் எடுத்தால் பம்புத் தண்ணீரைத்தான் குடிக்கிறாள். வாண்டுக்குக் கேட்டால் மட்டும் பாட்டில். நான் டம்ளரில் மொண்டு கொண்டுபோனபோது, என் கையிலிருந்து டம்ளரை வாங்கி வைத்துவிட்டு, பாட்டிலைத் திறந்து கொடுத்தாள். கோபமாகச் செய்யவில்லை. நான் கோபத்தைப் பார்த்தவள், அது வேறு மாதிரி இருக்கும். இது மறக்காத முகம். கண்ணாடியில் நான் தினமும் பார்க்கிற முகம். அவளோடு நான் என்ன வழக்குப் பேச முடியும்? அவள் பக்கம் நியாயம் இருக்கிறது. எனக்கு எதிராக நியாயத்தோடு வருகிற கோபத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை தம்பி. என் கோபம் எல்லாம் அடுத்தவர்களுக்கு என்று வைத்தது.

ராத்திரி படுக்கும்போது கேட்டுவிட்டேன். “என் மேல எத்தனை நாளைக்கு வச்சிருப்பே?”

அவள் வாண்டின் தலையைக் கோதிக்கொண்டே சொன்னாள்: “தெரியல அத்தை. நானும் பார்க்கறேன், போக மாட்டேங்குது.”

இன்று காலையில் பாட்டில் எல்லாம் காலி. பையை எடுத்து மடித்து வைத்தாள், நான் கவனிக்காத மாதிரி முறத்தை எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன். வாண்டு எழுந்து வந்து தண்ணி என்றது. மருமகள் காலிப் பாட்டிலை ஒரு தடவை ஆட்டிப் பார்த்தாள். அப்புறம் செம்பை எடுத்துக்கொண்டு கொழுந்தன் வீட்டு முன்பக்கம் போனாள். பம்பு அடிக்கிற சத்தம் கேட்டது. உள்ளே வந்து அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் ஊற்றி, மூடி வைத்தாள். காகிதம் சொன்னதை அவள் நம்பவில்லை. என்னையும் நம்பவில்லை. கொதிக்க வைத்துத்தான் கொடுப்பாள். கொதிக்கட்டும்.

வாண்டு, “இன்னும் ஆறலையா? இன்னும் ஆறலையா?” என்று அடுப்படிக்கும் எனக்கும் நடுவே நடந்துகொண்டு இருக்கிறது. அவள் அம்மா வீட்டுக்குப் பஸ் போகிற நேரம் தாண்டிவிட்டது. மடித்த பை மடித்தபடியே இருக்கிறது. நானும் எழுத்தை நிறுத்தி, போய் விசிறி எடுத்துக் கொடுக்கிறேன்.

அக்கா